மாமன் மாலை

என் மகளுக்குத் தங்கச் சங்கிலி போடுகிறேன் என்றான் என் அண்ணன். மாலை மட்டும் போட மாட்டேன் என்றான். இதென்ன பெரிய விஷயம், தங்கம்தானே உசத்தி என்று கேட்பவர்கள் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. பெண் வயதுக்கு வந்து சடங்கு வைத்தால் முதல் மாலை தாய்மாமனுடையது. சங்கிலியை யார் வேண்டுமானாலும் போடலாம், எதிர் ஃப்ளாட்காரர்கூடப் போடலாம். மாலை போடுகிறவன்தான், இவள் என் தங்கச்சி மகள், இவளுக்கு நான் மாமன், என் பிள்ளை முறைப்பையன் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்கிறவன். அதைச் சொல்ல என் கூடப்பிறந்தவனுக்கு மனசு வரவில்லை.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகளை நான் பெறவில்லை. மேகாலயாவில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து, தத்தித் தத்தி நடக்கும் வயதில், எங்களிடம் வந்தாள். தத்துக்கு எழுதிக் கொடுத்தபோது எந்த மாநிலத்துக் குழந்தை வேண்டும் என்று கேட்டார்கள். "பொறுக்கி எடுக்க இதென்ன கத்தரிக்காயா?" என்றார் என் கணவர். எந்த ஊரானாலும் சரி என்று சொல்லிவிட்டோம். வந்தவள் வெள்ளை வெளேரென்று, உருண்டை முகமும் சின்னக் கண்ணுமாக, சிரித்தால் கண்ணே காணாமல் போகிற பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் நல்ல கறுப்பு.

குழந்தையைப் பார்த்தால் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஜாடையைத்தான். மூக்கு அப்பாவுடையது, நெற்றி அம்மாவுடையது என்று பங்கு போடுவார்கள். என் மகளைப் பார்த்ததும் அந்தப் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஆவடியில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளைக் காட்டி, "வாட்ச்மேன் பொண்ணா?" என்று அவள் எதிரிலேயே கேட்டிருக்கிறார்கள். "உங்க வீட்லயே இவதான் கலரு" என்று பாராட்டியவர்களும் உண்டு. பாராட்டிய வாயே அடுத்து, "கண்ணுதான் கொஞ்சம்..." என்று இழுக்கும். அந்த இழுப்பை முடிக்க விடமாட்டேன். "அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, நீங்க உங்களுத செக் பண்ணிக்கோங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் படித்த படிப்பெல்லாம் ஓடிப்போய் அந்த ஊர்ப் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணன் அந்த ரகம் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். பூந்தமல்லியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவள் வந்த புதிதில் எங்கள் சொந்தத்தில் முதலில் அவளைத் தூக்கியவன் அவன்தான். மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கைலியில் சிமெண்டுத் தூசியோடு வந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கடைக்குக் கூட்டிப்போய்க் கல்லாவில் உட்கார வைப்பான். சாமான் வாங்க வந்த ஒருவன், "இன்னா அண்ணாத்தே, இதுவும் சைனா சரக்கா?" என்று சிரித்திருக்கிறான். பெரிய ஆர்டர்காரன். அவனை வெளியே போகச் சொல்லிவிட்டான். அவளுக்கும் மாமா என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் நடப்பதை என்னிடம் மறைப்பாள், அவனிடம் சொல்வாள்.

ஒன்றே ஒன்றுதான். என் பெரியம்மா மகள்களின் பெண்களை எல்லாம் "இன்னா மருமவளே" என்று கூப்பிடுகிறவன், இவளை மட்டும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான். பிரியம் அதிகம், அதனால் அப்படிக் கூப்பிடுகிறான் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்தச் சடங்குகளில் பிடிப்பு கிடையாது. ஒரு பெண்ணின் உடம்பில் நடப்பதை மைக் செட் வைத்து ஊருக்குச் சொல்வது என்ன நாகரிகம் என்று நினைக்கிறவள். எனக்குச் செய்தபோது வெட்கத்தில் கூனிப்போய் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் என் மகள் பெரியவளான அன்று பாயசம் வைத்துக் கொடுத்து, விளக்க வேண்டியதை விளக்கி, அத்தோடு முடித்துவிட்டதாக நினைத்தேன். அவள்தான் விடவில்லை.

"ஃபங்ஷன் வைங்கம்மா."

"எதுக்குடி? உனக்குப் பிடிச்ச டிரஸ் எடுத்துத் தரேன், வெளிய எங்கயாவது போலாம். மண்டபம் எல்லாம் எதுக்கு?"

"டிரஸ் வேணாம். மாமா மாலை போடணும். எல்லாரும் பாக்கணும்."

எல்லாரும் பாக்கணும் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளுக்கு முன்னால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்று நடந்திருந்தது. ஐ.டி. வேலை பார்க்கும் மதுரைப் பையன் ஒருவனும் மணிப்பூர்ப் பெண் ஒருத்தியும் வாடகைக்குச் சேர்ந்து இருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை என்பது புகார். கல்யாணம் ஆகாத இன்னொரு ஜோடியும் மேல் மாடியில் இருந்தது, இரண்டு பேரும் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசோசியேஷன் கூட்டத்தில் "அந்த மாதிரி மூஞ்சி உள்ள பொண்ணுங்க" என்று ஆரம்பித்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, உங்களைச் சொல்லலைங்க" என்றாள். நான் போட்ட சத்தத்தில் கூட்டமே கலைந்தது. என்ன பிரயோசனம்? அவர்கள் காலி செய்துகொண்டுதான் போனார்கள். சாமான் ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டும் வரை என் மகள் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது பட்டுப்பாவாடையும் சாப்பாடும் இல்லை. இவள் இந்த வீட்டுப் பெண் என்று எல்லார் காதிலும் விழும்படி ஒருவர் சொல்ல வேண்டும். அது புரிந்ததால் சரி என்றேன்.

முறைப்படி தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். போனில் சொல்வதில்லை. சர்க்கரை, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நானும் கணவரும் பூந்தமல்லிக்குப் போனோம். கடைக்கு மேல்தான் அண்ணன் வீடு. அண்ணி தட்டைக் கையில் வாங்கவில்லை. டேபிள் மேல் வைக்கச் சொன்னாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணனுக்குச் சந்தோஷம்தான். "நம்ம பாப்பாவா? அதுக்குள்ளயா?" என்றான். கண் கலங்கிவிட்டது, அது நடிப்பில்லை. அப்புறம் அண்ணியைப் பார்த்தான். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"சங்கிலி நான் போடறேம்மா. நல்ல கல்லு வெச்சதா எடுத்துடலாம். மண்டபத்துச் சாப்பாடும் என்னோடது. நீ ஒண்ணும் கவலப்படாத."

"மாலை?"

"அது யாராச்சும் பெரியவங்களாப் பாத்து..."

"நீ கல்லு மாதிரி உக்காந்துகினு கீறப்போ நான் எவனைப் போய்ப் பாக்கறது?" என்றேன்.

அண்ணிதான் வாயைத் திறந்தாள். மனசில் இருப்பதை மறைத்துப் பேசத் தெரியாதவள். "இத பாரும்மா, தப்பா எடுத்துக்காத. பாப்பா மேல எங்களுக்குப் பாசம் இல்லாம இல்ல. ஆனா மாலையப் போட்டுட்டா அது முறையாயிடும். எங்களுக்குக் கீறது ஒத்தப் புள்ள. நாளைக்கு வயசுக் கோளாறுல ரெண்டும் ஆசைப்பட்டுச்சுன்னா, முறைதானேன்னு எல்லாரும் சேத்து வெச்சுடுவாங்க. அப்புறம் எங்க ஊட்ல பொறக்கறது இன்னா ஜாடையில பொறக்கும்?"

அவர்கள் மகன் பன்னிரண்டாவது படிக்கிறான். அவனும் என் மகளும் சந்தித்தால் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறக்கப் போகும் குழந்தையின் கண் வரைக்கும் அண்ணி போய்விட்டாள்.

"சொந்தத்துல கல்யாணம் பண்றதே எனக்குப் புடிக்காது அண்ணி. உங்க புள்ளைக்கு என் பொண்ணைக் குடுக்கறதா நான் எப்பச் சொன்னேன்? நீங்க தட்டோட வந்து நின்னாலும் தர மாட்டேன்."

"அப்போ இன்னாத்துக்கு மாலை கேக்கற?" என்றான் அண்ணன்.

நியாயமான கேள்விதான். கொடுக்கவே போகாத பெண்ணுக்கு முறை கேட்டு மல்லுக்கு நிற்கிறவளை என்னவென்று சொல்வது? ஆனால் முறை இருந்து நான் வேண்டாம் என்பது ஒன்று, முறையே இல்லை என்று அவர்கள் சொல்வது வேறு. இப்போது எழுதும்போது இது தெளிவாக வருகிறது. அன்றைக்கு எனக்குக் கத்தத்தான் தெரிந்தது.

"அவ நம்ம ரத்தம் இல்லன்னுதானே உன் நெனப்பு? ரத்தம் இல்லன்னா முறை எங்கேர்ந்து வரும், எதுக்குப் பயப்படற? முறை வந்துடும்னு பயந்தியானா, அவ நம்ம ஊட்டுப் பொண்ணு. ரெண்டுல ஒண்ணச் சொல்லுண்ணா."

அவன் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தான். என் கணவர் சமாதானமாகப் பேசிப் பார்த்தார். அவள் பிறந்த மலைப்பக்கம் எல்லாமே அம்மா வழிதான், அங்கே தாய்மாமன்தான் வீட்டுக்குப் பெரியவர் என்று எங்கோ படித்ததைச் சொன்னார். "அப்போ அங்கேர்ந்தே ஒரு மாமனைக் கூட்டினு வாங்க" என்றாள் அண்ணி. நான் எழுந்துவிட்டேன். நாங்கள் கிளம்பும்போதும் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

அண்ணி கோபத்தில் சொன்னதை என் நாத்தனார் பாசத்தோடு சொன்னாள், அதுதான் இன்னும் கொடுமை. அவள் என் கணவரின் அக்கா, திருநெல்வேலிக்காரி. அவள் வீட்டுக்காரருக்கும் இவரைப் போலவே ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில்தான் வேலை. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறார்கள். அத்தை செய்ய வேண்டியதை எல்லாம் குறை வைக்காமல் செய்வேன் என்று முதல் ஆளாக வந்து நின்றாள். இவளுக்கு இரண்டும் பெண்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. நன்றி கெட்ட நினைப்புதான், ஓடியது ஓடிவிட்டது.

அண்ணன் மாட்டேன் என்ற கதையைக் கேட்டுவிட்டு அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். "நீ ஏன் கெடந்து அழுத? ஸ்டேஷன் பக்கத்துல மோமோ கடை போட்டிருக்காருல்லா ஒரு நேபாளி, நல்ல மனுசன். நான் பேசுதேன். அவரையே மாமன் எடத்துல நிறுத்திருவோம். பாக்கதுக்கும் பொருத்தமா இருக்கும்லா."

நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். மேகாலயா எங்கே, நேபாளம் எங்கே? கண் சின்னதாக இருந்தால் எல்லாரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போலிருக்கிறது. அந்த மோமோ கடைக்காரர் பாவம், அவருக்கு இதில் என்ன சம்பந்தம்? நாத்தனாரை நான் திட்டவில்லை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயந்து, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாள் நெருங்க நெருங்க வீட்டில் வேறு பேச்சே இல்லை. "அவன் வரவும் வேணாம், சங்கிலி போடவும் வேணாம். நீங்களே மாலை போடுங்க" என்று கணவரிடம் கத்தினேன். "அப்பன் போட்டா மாமன் வரலன்னு ஊருக்கே சொன்ன மாதிரில்லா ஆயிரும்" என்றார் அவர். அதுவும் சரிதான். கடைசியாக ஒருமுறை அண்ணிக்குப் போன் போட்டேன். கணவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவள் அதையேதான் சொன்னாள், முறை, பையன், பேரப்பிள்ளை ஜாடை. என் மகள் அவள் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைத்தோம். "மாமா வந்துடுவாருல்ல?" என்று தினமும் கேட்டவள் அதன் பிறகு கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டாமே என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஆவடியில் சின்ன மண்டபம்தான் பிடித்திருந்தோம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பழகிய குடும்பங்கள், எங்கள் ஃப்ளாட் ஆட்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நாத்தனார் தண்ணீர் ஊற்றி, புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து அவளை மேடையில் உட்கார வைத்தாள். அவ்வளவு அழகாக இருந்தாள். கழுத்து மட்டும் காலியாக இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரி, "மாமன் சீர் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். வழியில் இருக்கிறார்கள் என்று பொய் சொல்லிச் சொல்லி என் வாய் உலர்ந்துவிட்டது. கணவர் வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டிருந்தார். போட்டோக்காரர் இரண்டு தடவை வந்து, ஆரம்பிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது வாசலில் மேளச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துகொண்டிருந்தான். பட்டு வேட்டி கட்டி, பழம், பூ, புடவை, வளையல் என்று தட்டு தட்டாக ஆட்கள் பின்னால் வர, அவன் கையில் மாலை இருந்தது. என்னைத் தாண்டித்தான் போனான், என்னைப் பார்க்கவில்லை. நேராக மேடை ஏறி அவள் கழுத்தில் மாலையைப் போட்டான். அவள் குனிந்து காலைத் தொட்டதும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று ஓவென்று அழுதேன். பூந்தமல்லியில் பேசிய பேச்சுக்கெல்லாம் அவன் காலில் விழலாம் என்று தோன்றியது.

பின்னாலேயே அண்ணி தன் மகனை மேடைக்கு ஏற்றினாள். அவன் கையில் ஒரு பிரேஸ்லெட் பெட்டி. "அண்ணன் தங்கச்சிக்குப் போடறான், நல்லா எடுங்க" என்று போட்டோக்காரரிடம் சத்தமாகச் சொன்னாள். மாமன் மகன் அண்ணன் ஆக மாட்டான். எங்கள் உறவுக் கணக்கில் அது கிடையவே கிடையாது. எந்தச் சடங்கிலும் எந்த மாமன் மகனும் அப்படி வந்து நின்று நான் பார்த்ததில்லை. பையன் காதெல்லாம் சிவந்துபோய் நின்றான். என் மகள் கையை நீட்டினாள். "தேங்க்ஸ் அண்ணா" என்றாள். மேடையில் இருந்த மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

சின்ன வயசுக்காரர்களுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. இப்போது யாரைப் பார்த்தாலும் அண்ணாதானே. ஆனால் முதல் வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. "நல்ல ஏற்பாடுல்லா" என்றாள் நாத்தனார் என் காதோரமாக. மாமன் கதவைத் திறக்க, அண்ணி கூடவே வந்து பூட்டிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. மேடை ஏறிக் கேட்டுவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். என் மகள் கழுத்தில் மாலையோடு கண் காணாமல் போகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனைப் பிடித்தேன். "நல்லா பூட்டு போட்டுட்டீங்க, புருஷனும் பொண்டாட்டியும்" என்றேன். அவன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"என்ன ஒண்ணும் கேக்காதம்மா. பாப்பாவைக் கேளு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளைக் கட்டிலில் உட்கார வைத்துத் தலையில் குத்தியிருந்த பின்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். களைத்திருந்தாள். அந்த பிரேஸ்லெட்டைக் கையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா மாமாகிட்ட சொன்னேன்" என்றாள். "அன்னிக்கி ஸ்பீக்கர்ல பூந்தமல்லி அத்தை பேசினது கேட்டுச்சு. மாமாவுக்கு போன் பண்ணேன். அவனை நான் அண்ணான்னே கூப்பிடறேன், எல்லார் முன்னாடியும் கூப்பிடறேன், நீங்க வந்து மாலை போடுங்க மாமான்னு சொன்னேன். வரேன் பாப்பான்னு மட்டும் சொன்னாரு மாமா. அழுதாருன்னு நினைக்கறேன்."

நான் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காததை, இவள் தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். கொடுத்தது என்னவென்று இவளுக்குத் தெரியுமா என்று பயந்துகொண்டே முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

"அப்படிக் கூப்பிடச் சொல்லி அவங்க கேட்டாங்களா உன்ன?"

"இல்லம்மா, கேக்கல" என்றாள். "அவங்க கேட்டு நான் சரின்னு சொல்றத விட, கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா கொஞ்சம் கம்மியா வலிக்கும்ல."